முள் சீத்தா இலைக் கஷாயம் கீமோவுக்கு மாற்றாகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. சிவப்பு மருந்து ஏற்றிய பிறகு வாந்தி தாங்கவில்லை. நான்கு முடிந்ததும் பாக்ளிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து போடுவார்களாம். முள் சீத்தா கீமோவைவிட 10,000 மடங்கு வலிமையானது, ஆய்வுக்கூடத்திலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கீமோவை நிறுத்திவிட்டு இலைக் கஷாயம் கொடுக்கலாமா? இல்லை, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: கீமோவை நிறுத்த வேண்டாம். கீமோ நடக்கும் மாதங்களில் கஷாயமும் வேண்டாம். அம்மா படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு இப்படி ஒரு செய்தி எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் காரணத்தையும் சொல்கிறேன்.

அந்த 10,000 மடங்கு முழுப் பொய் அல்ல. 1996-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் முள் சீத்தா விதையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தட்டில் வளர்த்த ஒரு வகைக் குடல் புற்றுச் செல்களின் மேல் அது அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட அத்தனை மடங்கு வேலை செய்தது. உங்கள் அம்மாவுக்கு ஏற்றும் சிவப்பு மருந்து பெரும்பாலும் அதே அட்ரியாமைசின்தான். ஆனால் ஆய்வில் இருந்தது விதை, நீங்கள் கேட்பது இலை. அங்கே சுத்தமாகப் பிரித்த ஒரே பொருள், இங்கே கஷாயம். அங்கே குடல் புற்றுச் செல், இங்கே ஒரு மனுஷி.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். 96 சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் புற்றுச் செல்களை வளர்ப்பார்கள். செடியின் சாற்றைக் குழிக்கு ஒரு அளவாகச் சேர்த்து ஓரிரு நாள் விடுவார்கள். அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். நிறம் வெளுத்திருந்தால் செல்கள் செத்துவிட்டன அல்லது வளராமல் நின்றுவிட்டன என்று பொருள். பாதிச் செல்களை ஒடுக்கத் தேவைப்படும் அளவுக்கு ஐசி50 என்று பெயர். அந்த அளவு குறையக் குறைய நஞ்சின் வீரியம் அதிகம்.

அந்தக் குழியில் சோப்புத் தண்ணீரை விட்டாலும் செல்கள் சாகும். நல்ல செல்களை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் கொல்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. வாய்வழியாகக் குடித்தால் குடலையும் கல்லீரலையும் தாண்டி அதே அளவு ரத்தத்தில் சேருமா என்பது அதற்கும் அடுத்தது. முள் சீத்தா இலை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மனிதர்களிடம் நடத்திய முறையான சோதனை எதுவும் இதுவரை காட்டவில்லை.

செடியிலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றைக் குணப்படுத்த உதவுகிறது. அம்மாவுக்கு அடுத்து வரப்போகும் பாக்ளிடாக்செலும் மரப்பட்டையில் கண்டுபிடித்ததுதான். பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962-ல் சேகரித்தார்கள். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-ல். இடையில் போன 30 வருடமும் எவ்வளவு கொடுக்கலாம், எங்கே கெடுதல் செய்யும் என்று பார்ப்பதற்கும் சேர்த்துத்தான். கஷாயத்துக்கு அந்த வேலையை இன்னும் யாரும் செய்து முடிக்கவில்லை.

முள் சீத்தாவில் தனியாக ஒரு கவலையும் இருக்கிறது. அதில் உள்ள அன்னோனசின் என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்களையும் கொல்கிறது. கரீபியத் தீவான குவாதலூப்பில் மாத்திரைக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒரு வகைப் பார்க்கின்சன் நோய் அதிகம். இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து சாப்பிடுவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999 முதல் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். உறுதியாகவில்லைதான். ஆனாலும் பாக்ளிடாக்செலே கை கால் மரத்துப்போக வைக்கும் மருந்து. அந்தச் சமயத்தில் இதையும் சேர்ப்பானேன்?

இன்னொன்று, ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தால், மருந்தாலா கஷாயத்தாலா என்று பிரித்தறிய முடியாமல் கீமோ தள்ளிப்போகும்.

வாந்தியைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. எத்தனை தடவை, எந்த நாளில் என்று எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போது கொடுப்பது போதவில்லை என்றால் கூட்டிக் கொடுக்கவும் மாற்றவும் நல்ல மருந்துகள் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கஷாயம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல், எத்தனை நாள், எவ்வளவு என்று மூன்றாவது கீமோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.