தங்க மின்முனையில் ‘எஸ்’ நெளிவு: என்ன செய்யலாம்?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகத் தங்க மின்முனைகள் மேல் டிப்ஸ்-பென்டசீன் என்ற கரிமக் குறைகடத்தியின் கரைசலை விட்டு டிரான்சிஸ்டர் செய்கிறேன். டிரெயின் மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது மின்னோட்டம் சரியாக ஏறவில்லை. வரைபடக் கோடு ‘எஸ்’ மாதிரி நெளிகிறது. தங்கத்தின் தடிமனைக் கூட்டலாமா?

பதில்: கூட்டிப் பயனில்லை. தங்கமும் குறைகடத்தியும் தொடும் இடத்தில்தான் சிக்கல்.

தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் (ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) 5.1 எலக்ட்ரான் வோல்ட் என்று படித்திருப்பீர்கள். அது வெற்றிடத்தில் இருக்கும் சுத்தமான தங்கத்தின் கணக்கு. காற்று பட்டதும் கரிம அழுக்கு ஒட்டி, 4.7 வாக்கில் இறங்கிவிடும். டிப்ஸ்-பென்டசீனுக்குள் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள், நேர் மின்னூட்டம்போல் நகர்பவை) தடையின்றி நுழைய 5.2 அளவுக்காவது வேண்டும். இடையில் இருக்கும் அந்த ஆற்றல் மேடுதான் நெளிவுக்குக் காரணம்.

பென்டாஃப்ளூரோபென்சீன்தயால் என்ற, கந்தகமும் ஃப்ளூரினும் உள்ள சேர்மத்தை வாங்குங்கள். மின்முனைகளைப் புற ஊதா-ஓசோனில் பத்து நிமிடம் சுத்தம் செய்து, எத்தனாலில் அலசி, இந்தத் தயாலின் 10 மில்லிமோலார் எத்தனால் கரைசலில் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், ஃப்ளூரின் வெளிப்பக்கம் நிற்கும். ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள இந்தப் படலத்தின் இருமுனைகள் (ஒரு முனை நேர், மறுமுனை எதிர் மின்னூட்டம் கொண்ட அமைப்புகள்) வெளியேற்று ஆற்றலை 5-க்கு மேல் தூக்கிவிடும். மறுபடி எத்தனாலில் அலசி, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். அப்புறம் ‘இன்னொரு தடவை சுத்தம் செய்வோமே’ என்று ஓசோனில் வைத்துவிடாதீர்கள், படலம் ஆக்சிஜனேற்றமாகிப் போய்விடும். நாற்றம் தாங்காது; வேலை முழுக்கப் புகைபோக்கிப் பெட்டிக்குள் நடக்கட்டும்.

அலமாரியில் ஆல்கேன் தயால் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதன் இருமுனை எதிர்த் திசையில் இருப்பதால் வெளியேற்று ஆற்றல் இன்னும் இறங்கும்.

ஆற்றல் மாற்றத்தோடு இது நிற்பதில்லை. டிப்ஸ்-பென்டசீனின் உறவுக்காரரான ஃப்ளூரின் சேர்த்த ஆந்த்ராடைதயோஃபீனில், இதே தயால் பூசிய மின்முனை விளிம்பிலிருந்து படிகங்கள் முளைத்துக் கால்வாய்க்குள் (இரு மின்முனைகளுக்கு இடையே மின்னோட்டம் ஓடும் பகுதிக்குள்) வளர்வதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே உங்களுக்கும் மின்னோட்டம் கூடினால், தொடுமின்தடை (தங்கமும் குறைகடத்தியும் தொடும் இடத்தின் மின்தடை) குறைந்ததாலா, படிகம் மேம்பட்டதாலா என்று ஒரே ஒரு கால்வாய் நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. நான்கைந்து நீளங்களில் அளந்து, மொத்த மின்தடையை நீளத்துக்கு எதிராக வரையுங்கள். நீளம் பூஜ்ஜியமாகும் இடத்தில் கோடு காட்டுவது தொடுமின்தடை, கோட்டின் சரிவு கால்வாயின் பங்கு. தயால் படாத மின்முனைகளையும் அதே நாளில், அதே கரைசலில் செய்து கூடவே அளந்துவிடுங்கள்.