போட்டை ட்ரெய்லரில் ஏற்ற இரண்டாவது ஆள் தேவையா?

நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "14 அடி ஃபைபர் போட், 15 குதிரை வலு எஞ்சின், ரோலர் வைத்த ட்ரெய்லர். காசல்ரீயில் தூண்டில் போடவும், வருகிறவர்களைச் சுற்றிக் காட்டவும் வைத்திருக்கிறேன். மகன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதால் தனியாகத்தான் ஏற்றுகிறேன். சில நாள் போட் கோணலாக வந்து உட்காருகிறது. சில நாள் போட்டை இழுக்கிற வின்ச்சைச் சுற்றிச் சுற்றிக் கை விட்டுப்போகிறது. தனி ஆளால் இது முடியுமா, இல்லை சம்பளத்துக்கு ஒருவரைப் பிடிக்கத்தான் வேண்டுமா?"

முடியும், அண்ணே. கோணலாக ஏறுகிற நாளில் ட்ரெய்லர் தண்ணீருக்குள் அதிகம் போயிருக்கிறது. கை விட்டுப்போகிற நாளில் போதிய அளவு போகவில்லை. இரண்டும் உங்களுக்கே நடக்கிறதென்றால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆழத்தில் நிறுத்துகிறீர்கள். அதில் ஆச்சரியமும் இல்லை. காசல்ரீ மின்சாரத்துக்காகக் கட்டிய தேக்கம். மழைக்காலத்தில் ஏறும், வெயில் காலத்தில் கரையெல்லாம் சிவப்பு மண்ணாகத் தெரியும்படி இறங்கும். போன மாதம் அடையாளம் வைத்த கல் இந்த மாதம் தண்ணீருக்குள்ளோ கரைக்கு மேலேயோ இருக்கும். அதனால் அடையாளத்தைக் கரையில் வைக்காமல் ட்ரெய்லரிலேயே வையுங்கள்.

ரோலர் ட்ரெய்லருக்கு அதிக ஆழம் தேவையில்லை. பின்கோடியில் இருக்கிற கடைசி ரோலரைத் தண்ணீர் தொட்டு நனைத்தால் போதும். மட்கார்டு முங்கும்வரை இறக்கினால் போட்டின் பின்பக்கம் எதிலும் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும், சின்னக் காற்றுக்கும் பக்கவாட்டில் போய்விடும். அந்த நிலையில் வின்ச் சுற்றினால் மூக்கு மட்டும் நடுவில் வரும், பின்பக்கம் கோணலாகவே நிற்கும். வண்டியை மேலே எடுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிடும். நல்லபடியாக ஏறிய ஒரு நாளில், தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறதென்று பார்த்து மட்கார்டில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கரைச் சரிவு மாறினால் கோட்டிலிருந்து ஒரு சாண் இப்படி அப்படி ஆகலாம், அதற்கு மேல் போகாது.

கோடு சரியாக இருந்தும் வின்ச் கனத்தால் ரோலர்களைப் பாருங்கள். போட், எஞ்சின், எண்ணெய் டாங்கி எல்லாம் சேர்த்து 230 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆறடிக்கு ஓரடி ஏறுகிற சரிவில் அதை இழுக்க 40 கிலோ அளவு விசையும், உராய்வுக்குக் கொஞ்சம் கூடுதலும் போதும். பல்சக்கரம் வைத்த கை வின்ச்சுக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆனால் ரோலரின் நடுக்கம்பி துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றால், போட் ரப்பர் மேல் தேய்ந்துதான் வரும், கனம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். ஒவ்வொரு ரோலரையும் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாததைக் கழற்றி, கம்பியைத் தேய்த்து, கிரீஸ் போட்டு மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, மகன் செய்த வேலையை யார் செய்வது? இரண்டு கயிறு செய்யும். போட்டின் மூக்கில் ஒன்று, பின் மூலையில் ஒன்று. ஒவ்வொன்றும் எட்டு, பத்து மீட்டர் நீளமாக, தண்ணீரில் மிதக்கிற ரகமாக இருந்தால் நல்லது. பின் கயிறு காற்று வருகிற பக்கத்து மூலையில் இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் போட்டைச் சும்மா விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் விலகிப் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நீங்கள் நிற்க வேண்டிய இடம். கரையில் நின்றபடி மூக்குக் கயிற்றால் போட்டை ட்ரெய்லருக்கு நேராக இழுங்கள், பின் கயிற்றால் வால் பக்கம் போகாமல் பிடியுங்கள். அந்தப் பின்கோடி ரோலரில் மூக்கு ஏறியதும் மூக்குக் கயிற்றை வின்ச் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தி, வின்ச்சின் கொக்கியைப் போட்டின் மூக்கில் மாட்டுங்கள். பின் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு மற்றக் கையால் வின்ச் சுற்றலாம். முதல் பத்துச் சுற்று மெதுவாக. பின்பக்கம் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வேகமாகச் சுற்றுங்கள்.

ட்ரெய்லரின் பின் மூலைகள் இரண்டிலும் இடுப்பு உயரத்துக்கு மேலே நிற்கும்படி பிவிசி பைப் ஒவ்வொன்று பொருத்தச் சொல்லுங்கள். உள்ளே இரும்புக் கம்பி இருக்கட்டும், வெல்டிங் கடையில் ஒரு மணித்தியால வேலை. போட் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும், வேறு வழியில்லை. வெறும் ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் தெரிவதும் இந்தப் பைப்தான். சின்ன ட்ரெய்லர் சட்டென்று மடியும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கம் ட்ரெய்லர் போகும்.

தனி ஆளுக்கு உண்மையான ஆபத்து வாகனம் தண்ணீருக்குள் உருளுவதில் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். கியரில் போட்டு எஞ்சினை அணைத்து, பின் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வையுங்கள். கட்டையில் ஒரு சின்னக் கயிறு கட்டி, ட்ரெய்லர் மாட்டுகிற டோ பாரில் முடிந்துவிட்டால், வண்டி மேலே ஏறும்போது அதுவே இழுபட்டு வரும். கட்டையை எடுக்க மறுபடி இறங்க வேண்டியதில்லை. லைட் வயரின் பிளக்கைத் தண்ணீருக்குள் போகுமுன் கழற்றுங்கள். வின்ச் பெல்ட் இழுபடும்போது அதற்கு நேரே நிற்காதீர்கள். கம்பி வடம் போட்ட வின்ச் என்றால் பெல்ட்டாக மாற்றிவிடுங்கள். அறுந்த கம்பி திரும்பி வந்து அடிப்பதைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கிய பிறகு கதை வேறு. கரை முழுக்கச் சேறு, நடுவில் பழைய தேயிலைக் கட்டைகள். வாகனத்தை அதற்குள் இறக்கவே வேண்டாம். இறுகின தரையில் நிறுத்தி, ட்ரெய்லரைக் கழற்றி, அதன் முன்சக்கரத்துக்கும் இரண்டு பின்சக்கரத்துக்கும் அடியில் பலகை போட்டு, நீளமான வடத்தால் டோ பாரில் கட்டி, வாகனத்தைப் பின்னால் எடுத்தபடி இறக்குங்கள். சரிவு போதாவிட்டால் தள்ளிக்கொடுக்க வேண்டிவரும். அதைப் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள், ட்ரெய்லருக்குக் கீழ்ப்பக்கம் ஒருபோதும் போகாதீர்கள். போட்டை ஏற்றி மூக்கையும் வாலையும் கட்டிய பிறகே மேலே இழுக்க வேண்டும். கட்டாமல் இழுத்தால் எஞ்சின் கனத்தில் ட்ரெய்லரின் மூக்கு வானம் பார்க்கும்.

மேலே வந்ததும் சமதரைக்குப் போகுமுன் சரிவிலேயே நின்று போட்டின் அடித்தக்கையைக் கழற்றுங்கள். மூக்கு உயர்ந்திருப்பதால் உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் பின்பக்கமாக ஓடிவிடும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, அதைச் சுமந்துகொண்டு ஹட்டன் பாதையின் வளைவுகளில் திரும்பத் தேவையில்லை. எஞ்சினைத் தூக்கிப் பூட்டி, மூக்குக்குச் சங்கிலி, பின்னால் பெல்ட். ட்ரெய்லரின் மூக்குப் பாரமும் முக்கியம். மொத்த எடையில் 5 முதல் 10 வீதம் வாகனத்தின் டோ பார் மேல் இருக்க வேண்டும். போட்டோடு 350 கிலோ என்றால் 18 முதல் 35 கிலோ. கொழுந்து நிறுக்கும் தராசைக் கடன் வாங்கி, ட்ரெய்லர் மட்டமாக நிற்கும்போது மூக்கை அதில் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் இறக்கத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். வின்ச் தூணைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் போட்டும் முன்னால் வந்து பாரம் கூடும்.

ஆனி, ஆடியில் தென்மேல் காற்று அடிக்கிற பின்னேரங்களில் தனியாக ஏற்றப் பார்க்காதீர்கள். காலையில் தேக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அப்போது வந்து ஏற்றலாம். அன்றைக்குப் போட்டைக் காற்றுக்கு ஒதுக்கான மூலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். கட்டும் கயிற்றைத் தாராளமாக விடுங்கள். இரவில் நீர்மட்டம் இறங்கினால் இறுக்கிக் கட்டிய போட் கரைக் கட்டையில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.