பாங்காக்கில் இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா?

கேள்வி: பாங்காக்கில் ஓன் நுட் பக்கம் ஒரு படுக்கையறைக் காண்டோவில் நான், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் இருக்கிறோம். மனைவிக்குச் சர்க்கரை உண்டு. எங்கள் மாடியிலேயே இரண்டு வீடுகளில் கொரோனா. 'வந்தால் ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், வெளியே சொல்லாமல் இருந்துவிடுங்கள்' என்கிறார்கள் நண்பர்கள். அலுவலகத்திலோ இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்புக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பேசாமல் தஞ்சாவூருக்கே போய்விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆகஸ்ட் 2021

பதில் (ஆகஸ்ட் 2021 நிலவரப்படி): மறைக்காதீர்கள். உங்கள் நண்பர்கள் சொல்வது பழைய நிலைமை. போன வருஷமும் இந்த ஏப்ரல், மே வரையிலும் பாசிட்டிவ் என்றால் தும்மல்கூட இல்லாதவரையும் மருத்துவமனையில்தான் வைத்தார்கள். படுக்கை போதாமல் போனதும் ஜூலையில் வீட்டுத் தனிமைக்கு வழி திறந்தார்கள். இப்போது வீட்டிலேயே இருக்கலாம், பதிவு செய்துவிட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதியாமல் இருந்தவருக்கு ஏழாம் நாள் மூச்சு வாங்கினால், அன்றைக்குத்தான் அவர் பெயர் முதல்முறையாக வரிசையில் ஏறும். நாளுக்கு 20,000 பேருக்கு மேல் தொற்று வரும் இந்த மாதத்தில் அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும்.

பதிவு இப்படி. மருந்துக் கடையில் ஏடிகே (வீட்டிலேயே செய்யும் கொரோனா ஆன்டிஜென் சோதனை) பெட்டி வாங்கும்போது, வீட்டு உபயோகத்துக்கானது என்று அச்சிட்டதாகவும் தாய்லாந்து உணவு, மருந்து ஆணையத்தின் (எஃப்டிஏ) எண் உள்ளதாகவும் பாருங்கள். பெட்டியில் 15 நிமிடம் என்றிருந்தால் 15-ஆம் நிமிடத்தில் படியுங்கள். அரை மணி கழித்துத் தெரியும் மங்கல் கோட்டை நம்பி ஏமாந்தவர்கள் பலர். இரண்டு கோடு விழுந்தால் தேதியும் நேரமும் எழுதி, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தில் ப்ரகன் சங்கோம் (சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், அந்த அட்டையில் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மருத்துவமனையை முதலில் அழையுங்கள். லைன் கிடைக்காவிட்டால் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் 1506. மனைவிக்கும் மகளுக்கும் அந்த அட்டை இருக்காது. நிறுவனக் காப்பீட்டில் அவர்கள் பெயர் இருந்தால் அதன் பட்டியலில் உள்ள மருத்துவமனை, இல்லையென்றால் தேசிய நலவாழ்வுப் பாதுகாப்பு அலுவலகத்தின் 1330. மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 1669. இரவு 9 மணி ஊரடங்கு மருத்துவ அவசரத்துக்குத் தடையில்லை.

அழைப்பு எடுப்பவருக்கு ஆங்கிலம் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். மூவர் பெயர், பாஸ்போர்ட் எண், எடை, நோய், சாப்பிடும் மாத்திரை, காண்டோ பெயர், மாடி, சோய் (சந்து) எண் எல்லாவற்றையும் தாய்லாந்து மொழியில் ஒரு தாளில் இன்றைக்கே எழுதி வாங்கி வையுங்கள். காண்டோ அலுவலகத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவார்கள். தொற்று வந்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் சாப்பாட்டுப் பொட்டலம் வாசல் வரை வரும், குப்பையும் தனியாகப் போகும்.

பதிந்தபின் வெப்பமானியும், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரும், மருந்தும் வீட்டுக்கு வரும். மருத்துவமனையிலிருந்து நாளுக்கு இருமுறை கூப்பிட்டு விசாரிப்பார்கள். தனிமைக்கு இப்போதைய கணக்கு 14 நாள்.

உங்கள் வீட்டில் கவனம் முழுக்க மனைவியின் சர்க்கரைமேல் இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு வீட்டுத் தனிமை கிடையாது, மருத்துவமனைதான். அது அவருக்கு நல்லதும்கூட. ஆகவே இந்த வாரமே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்த்துவிடுங்கள், ஒரு மாத மாத்திரையும் குளுக்கோமீட்டர் பட்டைகளும் வாங்கி வையுங்கள். தடுப்பூசியிலும் அவருக்கு வழி இருக்கிறது. வெளிநாட்டவர் பதிவுக்காக வெளியுறவு அமைச்சகம் ஆகஸ்ட் 1-இல் திறந்த 'எக்ஸ்பேட்வாக்' தளத்தில் சர்க்கரை நோயாளிகள் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறார்கள். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்ப் பதிந்தாலும் சந்தோஷமே.

காய்ச்சல் வந்தால் அவர் சர்க்கரையை நாளுக்கு நான்கு தடவை பார்க்க வேண்டும். வாந்தி, பேதி வந்து தண்ணீர்கூடத் தங்காவிட்டால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே அடுத்த மாத்திரை. இன்னொன்று மிக முக்கியம்: யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினார் என்று டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் உயிர் காக்கும் மருந்து அது. அந்த நிலைக்கு வராதவருக்குப் பலன் கிடையாது, சர்க்கரையை மட்டும் ஏற்றிவிடும். நம் ஊரில் மே மாதம் கருப்புப் பூஞ்சையில் பார்வையை இழந்தவர்களில் எத்தனை பேர் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆக்சிமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு அதிகம் நடப்பது அங்கேதான். ஏசி அறையில் விறைத்த விரலில் மாட்டினால் எண் குறைவாகக் காட்டும். கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். அமெரிக்க எஃப்டிஏ இதைப் பற்றிப் பிப்ரவரியில் எச்சரித்தது. நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அதனால் நலமாக இருக்கும்போதே மூவரும் தினம் அளந்து எழுதி வையுங்கள். வழக்கமாக 98 காட்டுபவருக்கு 95 வந்தால், '94-க்கு மேலேதானே' என்று விட்டுவிடக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது 96-உம் அதற்கு மேலும் இருப்பவர், நாற்காலியில் ஒரு நிமிடம் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து மறுபடி அளக்க வேண்டும். 3 புள்ளி இறங்கினால் நுரையீரலில் வேலை நடக்கிறது என்று பொருள், அப்போதே அழையுங்கள். ஏற்கெனவே 96-க்குக் கீழே இருந்தால் இந்தப் பயிற்சி வேண்டாம், நேரே தொலைபேசிதான்.

ஒரே படுக்கையறைதான் என்கிறீர்கள். நோயாளி உள்ளே, மற்ற இருவர் கூடத்தில். காண்டோவில் சுவரில் மாட்டும் ஏசி அறைக்காற்றையே சுழற்றும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ஆகவே நோயாளியின் அறையில் ஜன்னலைத் திறந்து, ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். கதவடியில் ஈரத்துணி. குளியலறை ஒன்றே என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும். மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விட வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் அரை மணி ஓட வேண்டும். பயன்படுத்தாத தரை வடிகால் குழி காய்ந்திருந்தால் மற்ற மாடிகளின் காற்று அதன் வழியே ஏறும், வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மகள் 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு வேளைக்கு 180 முதல் 270 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. இங்கே 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பும் 250 உள்ளதும் ஒரே அலமாரியில் இருக்கும். முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லி. பாட்டிலை மாற்றினால் அளவும் மாறும் என்பதை மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

தாய்லாந்துக்காரர்கள் கொடுக்கும் 'ஃபா தலாய் ஜோன்' மாத்திரை வேறொன்றுமில்லை, நம் நிலவேம்புதான். லேசான தொற்றுக்கு இங்கே சொல்லும் அளவு பெரியவருக்கு நாளுக்கு 180 மி.கி. ஆண்ட்ரோகிராஃபலைட் (நிலவேம்பில் உள்ள மருந்துப் பொருள்), மூன்றாகப் பிரித்து ஐந்தே நாள். ஊரிலிருந்து வந்த குடிநீர்ப் பொடியில் அந்தப் பொருள் எவ்வளவு என்று எழுதியிருக்காது. இரண்டையும் சேர்த்துக் குடிக்காதீர்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர் கேட்டுவிட்டுத்தான்.

அலுவலகக் காகிதத்துக்கு வருவோம். இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளமில்லா விடுப்பு உங்கள் சம்மதம் இல்லாமல் செல்லாது, அதனால்தான் காகிதத்தை நீட்டுகிறார்கள். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் 75-ஆவது பிரிவின்படி, தவிர்க்க முடியாத பேரிடர் அல்லாத காரணத்தால் தற்காலிகமாக வேலையை நிறுத்தும் நிறுவனம் 75 சதவீதச் சம்பளம் தர வேண்டும். இதைவிட உங்களைக் கடிக்கப்போவது விசா. இந்தியருக்கு வேலை விசா நீட்டிக்க மாதம் 35,000 பாட் சம்பளம் காட்ட வேண்டும், குடிவரவுத் துறை அதை நிறுவனம் மாதாமாதம் வரித்துறைக்குக் கொடுத்த கணக்கில்தான் பார்க்கும். இரண்டு மாதம் பூஜ்யம் விழுந்தால் அடுத்த நீட்டிப்பில் கேள்வி வரும், மனைவி மகளின் விசாவும் உங்களுடையதைத் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சம்பளத்தைக் குறைத்தே தீர வேண்டுமென்றால் 35,000-க்குக் கீழே போகாத ஒரு தொகையை, முடிவுத் தேதியோடு, எழுத்தில் கேளுங்கள். வேலையிலிருந்தே எடுத்தால் ஒரு வருஷம் முடித்தவருக்கு 90 நாள், மூன்று வருஷத்துக்கு 180 நாள் சம்பளம் ஈட்டுத்தொகை. 'நானே விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் அது கிடைக்காது.

தஞ்சாவூர். அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அல்லது வேலை முடிந்துவிட்டது என்றால் போங்கள். பயத்துக்காக மட்டும் போகாதீர்கள். போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. இந்தியாவிலிருந்து வரும் வெளிநாட்டவருக்கான நுழைவுச் சான்றை மே 1 முதல் நிறுத்தினார்கள். மறுபடி கொடுக்கிறார்கள் என்று டெல்லியிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவிப்பை நேரில் படிக்காமல் யார் சொன்னாலும் டிக்கெட் போடாதீர்கள். திறந்தாலும் ஒரு லட்சம் டாலர் காப்பீடும், சொந்தச் செலவில் 14 நாள் ஹோட்டல் தனிமையும் மூவருக்கும் வேண்டும். போவதென்று முடிவானால் ரீ-என்ட்ரி பர்மிட்டை (அதே விசாவில் திரும்பி வரும் அனுமதி) ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டிலும் முன்கூட்டியே வாங்குங்கள்: ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் விமானம் ஏறிய நிமிடமே நீட்டித்த விசா செத்துவிடும். இங்கேயே இருந்தால், குடிவரவுத் துறைக்கு முகவரியைத் தெரிவிக்கும் 90 நாள் அறிக்கையை மறக்காதீர்கள். தேதிக்கு 15 நாள் முன்னும் 7 நாள் பின்னும் கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று மகளைப் பற்றியது. இருவருக்கும் பாசிட்டிவ் வந்து அவளுக்கு மட்டும் வராவிட்டால் அவள் யாரிடம் இருப்பாள்? தடுப்பூசி போட்ட ஒரு குடும்பத்திடம் இப்போதே வாய்விட்டுக் கேளுங்கள், அவர்கள் வீட்டுக்குப் பதிலுக்கு நீங்களும் உறுதி கொடுங்கள். அவளுடைய பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்று நகல், 'சிகிச்சை தேவைப்பட்டால் இவர்கள் சம்மதம் தரலாம்' என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஆங்கிலத்திலும் தாய்லாந்து மொழியிலும், சிரப்பின் அளவு எழுதிய துண்டு, நாலு நாள் உடுப்பு, தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மை எல்லாம் ஒரு பையில் கதவோரம் இருக்கட்டும். பை எதற்கு என்று அவளிடமும் சொல்லிவையுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும்.