வளாகத் திட்டமும் சுற்றறிக்கையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அரசு உதவிபெறும் கல்லூரியில், கல்வித் தரத்தைக் கவனிக்கும் உள் அமைப்பான அகத்தர உறுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு புதிதாக என்னிடம் வந்திருக்கிறது. ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தை இரண்டு மாதத்தில் எழுதித் தரச் சொல்கிறார் முதல்வர். எங்கிருந்து தொடங்குவது?
– உதவிப் பேராசிரியை, விருதுநகர்

முதல் இரண்டு வாரம் எதுவும் எழுத வேண்டாம், கணக்குகளைத் திரட்டுங்கள். கடந்த 5 ஆண்டுகளில் ஒவ்வொரு துறையிலும் இருந்த இடங்கள், சேர்ந்தவர்கள், இடையில் நின்றவர்கள், தேர்ச்சி பெற்று வெளியேறியவர்கள்; அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் நிரம்பியிருப்பவை; சம்பளம் போக ஆண்டுதோறும் கையில் மிஞ்சும் தொகை. சேர்க்கைப் பதிவேடு, தேர்வு முடிவுத் தாள், தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு ஆகிய மூன்றிலிருந்தும் இவற்றை எடுத்துவிடலாம்.

இங்கேயே ஒரு சிக்கல் முளைக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்குக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் ஒரு மாணவர் எண்ணிக்கை, தேசியத் தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தில் ஒன்று, அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் இன்னொன்று என்று இருக்கும். பெரும்பாலும் சுயநிதிப் பிரிவை ஓரிடத்தில் சேர்த்து, மற்றோரிடத்தில் விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் கணக்கெடுத்த தேதி வேறாக இருக்கும். இதைச் சரிசெய்யாமல் திட்டம் எழுதினால், ஐந்தாம் ஆண்டில் வளர்ச்சியா சரிவா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தத் தேதிக் கணக்கு, யார் யார் அடக்கம் என்பதை அட்டவணைக்குக் கீழேயே குறித்துவையுங்கள்.

அடுத்து, துறைகள் கேட்பதையெல்லாம் மூன்றாகப் பிரியுங்கள். முதல்வரின் கையெழுத்தே போதுமானவை. கல்லூரிக் குழு பணம் ஒதுக்க வேண்டியவை. அரசோ பல்கலைக்கழகமோ இசைவு தர வேண்டியவை. புதிய பாடப்பிரிவும் உதவிபெறும் பணியிடமும் மூன்றாவது வகை. 'முதல் ஆண்டிலேயே 6 புதிய ஆசிரியர் பணியிடங்கள்' என்று எழுதினால், நிறைவேற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லாத ஒன்றை வாக்குறுதியாகத் தருகிறீர்கள். 'இசைவு கேட்கும் கருத்துரு இன்ன மாதம் அனுப்பப்படும்' என்பதே நீங்கள் செய்யக்கூடியது, அதை எழுதுங்கள்.

பிறகு, ஒவ்வொரு இலக்குக்கும் ஐந்து விவரங்கள் வேண்டும்: இன்றைய நிலை, எட்ட வேண்டிய நிலை, பொறுப்பேற்கும் பதவி, முடிக்கும் மாதம், பணம் வரும் கணக்குத் தலைப்பு. 'நூலகச் சேவை மேம்படுத்தப்படும்' என்ற வரியை வைத்துக்கொள்வோம். மாலை 5 மணிக்கு மூடும் நூலகத்தை 8 மணி வரை திறப்பது என்று முடிவெடுத்தால், ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 3 மணி, இரண்டு பணியாளர்: மொத்தம் 1,500 பணி மணிநேரம். அதற்குக் கூடுதல் ஊதியமா, முறைப்பணியா? எந்தத் தலைப்பில் செலவு? இவ்வளவையும் எழுதிய பிறகும் திட்டம் படுத்துவிடலாம். காரணம் பேருந்து. ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து 6.45 மணி என்றால் வெளியூர் மாணவிகள் 6.30க்கே கிளம்பிவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து 'வருகை குறைவு' என்று எழுதி நூலகத்தைப் பழையபடி 5 மணிக்கே மூடிவிடுவார்கள். மாலையில் திறப்பதைவிடக் காலை 8 மணிக்குத் திறப்பது அங்கே பொருத்தமாக இருந்திருக்கும். ஆகவே விடுதி மாணவர், வெளியூர் மாணவர் இரு தரப்பிடமும் தனித்தனியாகக் கேட்காமல் நேரத்தை முடிவுசெய்யாதீர்கள்.

நிறுவன வளர்ச்சித் திட்டம் வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. அதற்கான வழிகாட்டுதலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2024-இல் வெளியிட்டது. தலைப்புகளுக்கு அது உதவும். வேறு கல்லூரியின் ஆவணத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது வேண்டவே வேண்டாம். இல்லாத ஆய்வகத்தின் பெயர் நடுவில் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: எங்கள் பகுதிப் பல்கலைக்கழகம் 'தொலைநோக்குத் திட்டம்' அறிவித்திருக்கிறது. அதனால் கட்டணம் கூடுமா, புதிய கட்டடங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– மாணவியின் தந்தை, சேலம்

உண்டு. திட்ட அறிக்கையை விட்டுவிட்டு மூன்று ஆவணங்களைப் பாருங்கள்: ஆண்டு நிதிநிலை அறிக்கை, நிதிக்குழுவின் பரிந்துரை, ஆட்சிக்குழுக் கூட்டத் தீர்மானங்கள். கட்டண மாற்றம் இவற்றில்தான் முதலில் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவுப்படி, அரசுப் பல்கலைக்கழகம் தன் நிதி ஒதுக்கீட்டு விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். இணையதளத்தில் கிடைக்காவிட்டால் பொதுத் தகவல் அலுவலருக்கு 6-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பியுங்கள். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் போதாவிட்டாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். 'ஏன் கட்டணத்தை உயர்த்தினீர்கள்?' என்று கேட்டால் 'விளக்கம் தருவது தகவல் ஆகாது' என்று பதில் வரும். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நடந்த ஆட்சிக்குழுக் கூட்டங்களில் கட்டணம் குறித்து நிறைவேறிய தீர்மானங்களின் நகல்' என்று ஆவணத்தின் பெயரையும் காலத்தையும் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: பதிவாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் 'எங்களுக்குத் தெரியாது' என்றே துறைகள் சொல்கின்றன. என்ன செய்யலாம்?
– உதவியாளர், திருநெல்வேலி

பெரும்பாலான சுற்றறிக்கைகளில் செய்தி மூன்றாவது பத்தியில் புதைந்து கிடக்கிறது. 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று தொடங்கி, தேதி வருவதற்குள் படிப்பவர் விட்டுவிடுகிறார். யார், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதி எத்தனை மணிக்குள் என்பதை முதல் வரியில் வையுங்கள். பார்வைக் கடித எண் கடைசியில் இருந்தால் போதும். ஐயம் கேட்க வேண்டிய பிரிவின் பெயரும் உள்தொலைபேசி எண்ணும் கட்டாயம் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது நினைவூட்டலுக்கு மட்டும். அங்கே தேர்வுக் கட்டணத் தேதி நீண்ட பிறகும் பழைய படம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாணவர் அதை நம்பித் தண்டத்தொகை கட்டுவார். தேதி மாறினால் புதிய எண்ணில் சுற்றறிக்கை விடுங்கள். 'சுற்றறிக்கை 14-இல் இருந்த 10-ஆம் தேதி, 17-ஆம் தேதி என மாற்றப்படுகிறது' என்று இரண்டு தேதிகளையும் எழுதுங்கள். எல்லாச் சுற்றறிக்கையும் எண் வரிசையில் கிடைக்கும் பக்கம் இணையதளத்தில் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர், விடுதிச் சமையலர், ஓட்டுநர் ஆகியோருக்குத் தமிழில் அச்சிட்ட தாள், அவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்திலேயே ஒட்டப்பட வேண்டும்.

கேள்வி: அகத்தர உறுதி மையத்தில் மாணவர் உறுப்பினராக என்னை நியமித்திருக்கிறார்கள். கூட்டத்தில் நான் என்ன கேட்கலாம்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், தஞ்சாவூர்

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தக் குழு கூட வேண்டும் என்பது நாக் விதி. கூட்டப் பொருளை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கூட்டம் தொடங்கியதும், சென்ற கூட்ட முடிவுகள்மீது எடுத்த நடவடிக்கை அறிக்கையைக் கேளுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் அந்த அறிக்கையும் கல்லூரி இணையதளத்தில் ஏற வேண்டியவை. உங்கள் வகுப்புத் தோழரின் தனிப்பட்ட குறைகளை இங்கே கொண்டுவர வேண்டாம். அதற்கு யு.ஜி.சி.யின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்கிறது. புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதன் முடிவு திருப்தி தராவிட்டால், முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.