அது வேறு விஷயமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. நாலு வயதுத் தங்கையைப் போட்டு அடிக்கிறான், கெட்ட வார்த்தை பேசுகிறான். பள்ளிக்கூடச் சகவாசம்தான் காரணம். டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்க்கலாமா? வீட்டில் ரொம்ப மரியாதையான பையன். என் வண்டிச் சத்தம் கேட்டாலே டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுவான். தக்காளி விலை விழுந்த நாட்களில் மட்டும் நான் கொஞ்சம் சத்தம் போடுவேன், கை நீட்டுவேன். அது வேறு விஷயம்.
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: கடைசி வரியை எதற்கு எழுதினீர்கள் ஐயா? யாரும் கேட்கவில்லையே. உங்களுக்கே உறுத்துகிறது. அதுதான் விஷயமே.

பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாத நாளில் யாருக்கும் வயிறு எரியும், சரி. ஆனால் மண்டியில் வாயை மூடிக்கொண்டு சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறீர்கள். வீட்டுக்கு வந்து சின்னவர்கள் மேல் காட்டுகிறீர்கள். பையனும் வாத்தியாரிடம் கை நீட்டுவதில்லை, தங்கையிடம்தான் நீட்டுகிறான். ஆள் பார்த்து அடிக்க எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரமாட்டார்கள்.

1961இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 72 சிறு பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். சிலருக்கு முன்னால் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், திட்டினார். அப்புறம் அந்தப் பிள்ளைகளும் அதேபோல அடித்தார்கள். அவர் சொன்ன வார்த்தைகளைக்கூட அப்படியே சொன்னார்கள். அமைதியாக இருந்த பெரியவரைப் பார்த்த பிள்ளைகளிடம் இது குறைவு. பொம்மையை அடித்தவர் அந்தப் பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாத ஆள். நீங்களோ அப்பா.

பள்ளிக்கும் தெருவுக்கும் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் டி.சி. வாங்கினாலும் சாயங்காலம் அவன் திரும்பி வருவது அதே வீட்டுக்குத்தான். அந்த மரியாதை இருக்கிறதே, அது பயம். வண்டிச் சத்தத்திலேயே அன்றைய தக்காளி விலையைக் கண்டுபிடிக்கிறான்.

பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டில் அதை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். விலை விழுந்த அன்று வண்டியை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போங்கள். 'இன்றைக்கு விலை இல்லடா, மனசு சரியில்லை' என்று அவனிடம் வாயால் சொல்லுங்கள். கைநீட்டியதற்கு ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கள், கௌரவம் குறைந்துவிடாது.

அடி வாங்குகிற மகளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லை. அண்ணன் அடித்தால் அவள் அழுகிறாளா, இல்லை இப்போதெல்லாம் அழுவதில்லையா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.