டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். நான் எச்1பி வேலை விசாவில் நியூ யார்க்கின் மன்ஹாட்டனில் உள்ள ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். டாலஸ் அருகேயுள்ள ஃப்ரிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, வீட்டிலிருந்தே வேலை செய்ய நிறுவனம் சம்மதித்திருக்கிறது. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, வீடும் மலிவு என்கிறார்கள். மனைவி நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த மாற்றம் எங்களுக்கு லாபமாக இருக்குமா?

பதில்: உங்கள் கணக்கைத் தீர்மானிக்கப்போவது வீட்டு விலையோ மளிகைச் செலவோ அல்ல; நிறுவனம் உங்களை எந்த ஏற்பாட்டின்பேரில் டெக்சஸுக்கு அனுப்புகிறது என்பதுதான். இப்போது உங்கள் சம்பளத்துக்கு நியூ யார்க் மாநிலத்துக்கு வரி கட்டுகிறீர்கள். அங்கே கட்டிய வரியை நியூ ஜெர்சி கழித்துக்கொள்வதால், அதே சம்பளத்துக்கு நியூ ஜெர்சியில் கட்டுவதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. அதாவது, நீங்கள் தப்பிக்க நினைக்கும் வரி நியூ ஜெர்சியுடையது அல்ல, நியூ யார்க்குடையது. அந்த மாநிலமோ, ஊழியரின் முதன்மை அலுவலகம் தன் எல்லைக்குள் இருக்கும்வரை, அவர் தமது வசதிக்காக வெளிமாநில வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களையும் நியூ யார்க்கில் வேலை செய்த நாட்களாகவே கருதுகிறது. மன்ஹாட்டன் அலுவலகத்தின் பணியாளராகவே பதிவில் நீடித்துக்கொண்டு ஃப்ரிஸ்கோவில் அமர்ந்து வேலை செய்தால், வருமான வரியே இல்லாத மாநிலத்தில் குடியிருந்தபடி நியூ யார்க் வரியை நீங்கள் தொடர்ந்து கட்ட நேரிடும்.

ஆகவே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, டெக்சஸில் உள்ள அதன் அலுவலகம் ஒன்றுக்கு உங்களை முறைப்படி மாற்றுவார்களா என்பதாகும். அங்கே உண்மையான அலுவலகம் இருந்து, உங்கள் பணியிடமும் அங்கேயே மாறினால், டெக்சஸில் வேலை செய்யும் நாட்களுக்கு நியூ யார்க் வரி இராது. அதை எழுத்துமூலமாகப் பெறுங்கள். அதே கடிதத்தில், புதிய ஊரை வைத்துச் சம்பளம் குறைக்கப்படுமா என்பதும் தெளிவாகட்டும். பல நிறுவனங்கள் குறைக்கின்றன. உங்கள் மனைவியின் நிலை வேறு. அவர் டெக்சஸில் வேலை தேடிக்கொண்டால், இப்போது நியூ ஜெர்சிக்குக் கட்டும் வருமான வரி முழுவதும் மிச்சமாகும்.

விசாவிலும் கவனம் தேவை. எச்1பி பணியிடம் வேறொரு பெருநகரப் பகுதிக்கு மாறும்போது, திருத்தப்பட்ட விசா மனுவைக் குடியேற்றத் துறையிடம் நிறுவனம் முன்கூட்டியே தாக்கல் செய்தாக வேண்டும் என்பது 2015 முதல் உறுதிப்பட்ட விதி. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். மனு தாக்கலாவதற்கு முன் அங்கிருந்து வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்தது வீடு. டெக்சஸ் வருமான வரி வாங்காததை வீட்டு வரியில் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கிறது. 6,00,000 டாலர் வீட்டுக்கு, நகராட்சி, கவுண்டி, பள்ளி மாவட்டம் எல்லாம் சேர்த்து 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12,000 டாலர் வருகிறது. சொந்த வீட்டில் தாங்களே குடியிருப்பவர்களுக்குப் பள்ளி வரியில் முதல் 1,40,000 டாலர் மதிப்புக்கு விலக்கு உண்டு. அதனால் ஏறத்தாழ 1,400 டாலர் குறையும். எடிசனில் நீங்கள் இப்போது கட்டும் தொகையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்காக வாங்கிய கடனை அடைக்கத் தனி வரியும் சேரும். விற்பனைப் பிரதிநிதி சொல்லும் மாதத் தவணையை நம்பாமல், அந்த மனைக்குரிய மொத்த வரி விகிதத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

காப்பீட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வட டெக்சஸில் ஆலங்கட்டி மழை கூரைகளைச் சேதப்படுத்துவது வழக்கம் என்பதால் பிரீமியம் அதிகம். சேதம் நேர்ந்தால் நாம் முதலில் ஏற்க வேண்டிய தொகையும், பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கும். 5,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால், முதல் 10,000 டாலர் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

மகளின் படிப்பே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. டெக்சஸ் உயர்நிலைப் பள்ளிகளில் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை சட்டப்படி உறுதி. ஆனால் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2026 இலையுதிர்காலச் சேர்க்கை முதல் அதை 5 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறது. ஃப்ரிஸ்கோ போன்ற போட்டி மிகுந்த ஊர்களில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட அந்த வரிசைக்கு வெளியே நின்றுவிட நேரலாம். எனினும் மாறுவதாக இருந்தால், ஒன்பதாம் வகுப்பு தொடங்குமுன் மாறுவதே நல்லது. தரவரிசைக்கான மதிப்பெண்கள் பெரும்பாலும் அங்கிருந்தே கணக்காகின்றன, நண்பர்களைப் பிரியும் துயரமும் நடுவில் மாறுவதைவிடக் குறைவாக இருக்கும்.

அன்றாட வாழ்வில் ரயிலை இழப்பீர்கள். இரண்டு கார்கள் இல்லாமல் ஃப்ரிஸ்கோவில் குடும்பம் நடத்துவது கடினம், சுங்கச் சாலைக் கட்டணமும் உண்டு. நியூ ஜெர்சி அரசு நடத்தும் ஊதியத்துடன் கூடிய குடும்ப விடுப்புக்கு இணையான மாநிலத் திட்டம் டெக்சஸில் தனியார் ஊழியர்களுக்கு இல்லை. இந்தியாவில் வயதான பெற்றோர் இருந்தால் இதன் அருமை புரியும். மறுபுறம், அதே விலைக்குப் பெரிய வீடு, பனி அள்ளத் தேவையில்லாத குளிர்காலம், நிறையத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும்.

என் கருத்து இதுதான்: அலுவலக மாற்றம் எழுத்தில் கிடைக்காவிட்டால், வரி மிச்சத்துக்காகக் குடிபெயர வேண்டாம். கிடைத்தால், முதல் ஆண்டு வாடகை வீட்டிலிருந்து, ஒரு கோடைக்காலத்தின் மின்கட்டணத்தையும் பள்ளியின் சூழலையும் பார்த்தபின் வாங்குங்கள். எடிசன் வீட்டை விற்கும்போது, வெளிமாநிலத்தவர் என்று விற்பனைத் தொகையில் வருமான வரியை முன்கூட்டியே பிடித்துவிடாமல் இருக்க, அது உங்கள் முதன்மைக் குடியிருப்பு என்பதை அறிவிக்கும் ஜிஐடி/ஆர்இபி-3 படிவத்தைப் பத்திரப்பதிவின்போது கொடுக்கலாமா என்று உங்கள் வழக்கறிஞரிடம் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.