மேடை உடையில் அரண்மனை வாசலில் ஆடலாமா?

கேள்வி: என் மகளும் அவளுடைய கல்லூரித் தோழியர் நால்வரும் கே-பாப் நடனக் குழு வைத்திருக்கிறார்கள். வருகிற ஏப்ரலில் சியோல் செல்லும்போது, கியோங்பொக்குங் அரண்மனையில் க்ராப் டாப்பும் ஷார்ட்ஸுமாக, மேடைப் பாடகியரைப் போலவே உடுத்தி ஆடிப் படம்பிடித்து யூடியூபில் வெளியிட ஆசைப்படுகிறார்கள். கொரியர்கள் மரபில் ஊறியவர்கள், போலீஸ் பிடித்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். 'அரண்மனை அனுமதி' வாங்கித் தர 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் எங்கள் பயண முகவர். கொரியப் பாரம்பரிய உடையான ஹன்பொக் உடுத்திவிட்டால் எந்த அனுமதியும் தேவையில்லை என்றும் அவரே சொல்கிறார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். எதை நம்புவது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அம்மா, முதலில் போலீஸ் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். க்ராப் டாப்பும் ஷார்ட்ஸும் அணிந்ததற்காகக் கொரியாவில் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். அங்குள்ள அரண்மனைகளின் நுழைவாயிலிலும், இன்ன உடை அணிந்தவருக்கு அனுமதியில்லை என்ற பலகை கிடையாது. உங்கள் உறவினர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1973-இல் சிறு குற்றங்களுக்கான சட்டத்தைத் திருத்தி, ஆண்களின் நீண்ட முடியையும் பெண்களின் குட்டைப் பாவாடையையும் குற்றமாக்கினார்கள். முழங்காலுக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் என்று காவலர்கள் தெருவில் அடிக்கோல் வைத்து அளந்த காலம் அது. பிற்காலத்தில் அதே சட்டத்தில், 'மறைக்க வேண்டிய இடத்தை' வெளிக்காட்டுவது குற்றம் என்று ஒரு பிரிவு இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்ந்த ஒருவர்மீது அந்தப் பிரிவு பாய்ந்தபோது, மறைக்க வேண்டிய இடம் எது என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை என்று கூறி, 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்போதுள்ள பிரிவு பிறப்புறுப்பு, பிட்டம் போன்றவற்றைக் காட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் மகளின் உடை அதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் சட்டம் விட்டுவிட்டதை ஊர் வாய் விடாது. 'கொரிய மரபு' என்று நம்மவர்கள் பேசும்போது நம் ஊர்க் கணக்கையே அங்கும் போட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் புடவைக்கு நடுவே இடுப்பு தெரிந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தொடை தெரிந்தால் தெருவே பார்க்கும். சியோலில் குட்டைப் பாவாடையும் ஷார்ட்ஸும் அலுவலகம் போகும் பெண்களிடம்கூடச் சாதாரணமாகக் காணக் கிடைப்பவை; கழுத்து ஆழமாக இறங்கிய சட்டையோ, தோள் முழுதும் திறந்த உடையோதான் வயதானவர்களின் முகத்தைச் சுளிக்க வைக்கும். ஆகவே ஒரு மேடை உடையை அப்படியே தைத்துக்கொண்டு போவதானால், கால் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கழுத்துப் பகுதியை மட்டும் ஒருமுறை கண்ணாடியில் குனிந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜோசன் அரச வம்சக் காலத்தின் பிற்பகுதியில் பெண்களின் ஜொகொரி, அதாவது மேற்சட்டை, எவ்வளவு குட்டையானது என்றால், அதற்குக் கீழே மார்பை மறைக்கத் தனியாக ஒரு துணிப்பட்டை கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதே காலத்தில் மேல்குடிப் பெண்கள் வெளியே வரும்போது தலையோடு சேர்த்து மூடும் அங்கியைப் போர்த்திக்கொண்டார்கள். ஆகையால் மரபு என்று ஒரே அளவுகோலைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வரலாற்று இடங்களில் கொரியர்களை உண்மையில் கோபப்படுத்தியவை எவை என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2024 நவம்பரில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பெண், லெக்கின்ஸ் அணிந்து, கியோங்பொக்குங்கின் குவாங்ஹவாமுன் வாயிலருகே மதில் ஓரமாகத் தலைகீழாக நின்று யோகாசனம் செய்தார். அந்தக் காட்சி இணையத்தில் பரவி, கொரியர்களிடமும் அவருடைய சொந்த நாட்டினரிடமும் வசவு வாங்கிக் கொடுத்தது. அதே லெக்கின்ஸை அணிந்து அதே மதிலருகே அவர் நடந்து போயிருந்தால் ஒரு செய்தியும் வந்திருக்காது. 2022 ஆகஸ்டில், பொதுமக்களுக்குப் புதிதாகத் திறந்துவிடப்பட்ட நீல மாளிகையில், அதாவது அப்போது அதிபர் காலிசெய்திருந்த மாளிகையில், ஒரு ஃபேஷன் இதழ் படம் எடுத்தது. அதில் ஒரு மாடல் நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்ததும், ஹன்பொக் என்று சொல்லப்பட்ட உடைகள் ஹன்பொக்காகவே இல்லை என்பதும்தான் கண்டனத்துக்குக் காரணங்களாயின. படங்கள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டன. 2023 மே மாதம், மாமாமூ என்ற கே-பாப் குழுவின் பாடகி ஹ்வாசா சுங்கியுன்குவான் பல்கலைக்கழக விழாவில் ஆடியபோது செய்த ஒரு சைகை ஆபாசம் என்று பெற்றோர் அமைப்பு ஒன்று புகார் கொடுத்தது. 1398-இல் தொடங்கிய கன்பூசியக் கல்விக்கூடத்தின் பெயரைத் தாங்கிய வளாகம் என்பதால் பேச்சு இன்னும் சூடாகியது. காவல் துறை அவரை அழைத்து விசாரித்து, அந்த ஆண்டே குற்றமில்லை என்று முடித்துக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அவர் பட்ட பாடு யார் கணக்கில் வரும்?

இவற்றிலெல்லாம் துணியின் அளவைவிட, இடத்தின் முன் உடம்பு எப்படி நின்றது என்பதே வழக்காகியிருக்கிறது. உங்கள் மகளின் குழுவில் தரையில் படுத்துப் புரளும் அசைவோ, இடுப்பை முன்னிறுத்தும் அசைவோ உள்ள பாடலானால், அதைக் கழுத்துவரை மூடிய உடையில் ஆடினாலும் அரண்மனையில் வேண்டாம்.

அரண்மனைக்குள் ஆடுவது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யூடியூபில் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அரியணை மண்டபமான குன்ஜொங்ஜொன் முன்னுள்ள முற்றம் மழமழவென்ற தளம் அன்று. மேடும் பள்ளமுமாகப் பிளந்த கருங்கல் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். வெயில் கண்ணைக் கூசாமலும் கால் வழுக்காமலும் இருக்கத்தான் அப்படி என்பார்கள். நடுவே அரசர் நடக்கும் பாதை சற்றே உயர்ந்து ஓடும். அதன் இரு பக்கமும் அமைச்சர்களும் தளபதிகளும் நிற்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் தரவரிசைக் கற்கள் நட்டு வைக்கப்பட்டிருக்கும். குதிகால் உயர்ந்த மேடைக் காலணியோடு அங்கே எட்டு எண்ணுக்குள் சுழன்று திரும்ப முயன்ற ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது எண்ணிலேயே கணுக்கால் மடங்கிவிட்டது. ஒலிபெருக்கியை வைத்தவுடன் காவலர் வந்துவிடுவார். 2023 டிசம்பரில் அரண்மனை மதிலில் பெயின்ட் தெளித்த சம்பவத்துக்குப் பிறகு அவர்களுடைய கண் முன்னைவிடக் கூர்மை. அரச முன்னோர் ஆலயமான ஜொங்மியோவுக்கு இந்த எண்ணத்தோடு போகவே கூடாது: அங்கே அரசர்களின் ஆவிப் பலகைகள் இருக்கின்றன, முற்றத்து நடுப்பாதை ஆவிகளுக்கு உரியது என்று பார்வையாளர்கள் மிதிப்பதையே தவிர்க்கச் சொல்வார்கள். புக்சொன் பழைய வீட்டுத் தெருக்களில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். கட்டுப்பாடு மிகுந்த அதன் 'சிவப்புப் பகுதி'யில் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பிறகும் சுற்றுலாப் பயணிகள் நுழைந்தால் 1,00,000 வொன் அபராதம்.

இனி உங்கள் முகவரின் ஹன்பொக் கதை. ஹன்பொக் அணிந்து வருவோருக்கு அரண்மனையில் நுழைவுக் கட்டணமான 3,000 வொன் கிடையாது என்பது உண்மை. இந்த ஒரு சலுகையை எடுத்து ஊதி, ஹன்பொக் அணிந்தால் படப்பிடிப்பு அனுமதியும் வேண்டாம் என்று விற்கிறார்கள். கட்டண விலக்கு வேறு, படப்பிடிப்பு அனுமதி வேறு. ஒன்று சீட்டுக் கவுண்டரோடு முடிகிறது, மற்றொன்று அங்கே தொடங்குவதுகூட இல்லை. அந்தக் கட்டண விலக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு: மேலே ஜொகொரியும், கீழே பாவாடையோ கால்சட்டையோ, இரண்டும் ஹன்பொக் வகையாக இருக்க வேண்டும். ஜீன்ஸ்மேல் நீண்ட ஹன்பொக் அங்கியை மட்டும் போட்டுக்கொண்டு வந்தால் செல்லாது. ஜொகொரியைப் போல் வெட்டிய க்ராப் டாப்பும் கீழே ஷார்ட்ஸும் அணிந்து வந்தால், உள்ளே போவதை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் 3,000 வொன் எடுத்து வைக்கத்தான் வேண்டும். வாடகைக் கடைகளில் கிடைக்கும் பொன் அச்சிட்ட, உள்ளே வளையம் வைத்த பகட்டுப் பாவாடைகள் சரியான ஹன்பொக்தானா என்று கொரியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஜொங்னோ வட்ட நிர்வாகம் 2018-இல் அவற்றுக்கு இலவச அனுமதி தரக்கூடாது என்றது. ஆண் ஆணுடையும் பெண் பெண்ணுடையும் அணிந்தால்தான் இலவசம் என்றிருந்த விதியை 2019-இல், மனித உரிமை ஆணையம் சொன்ன பிறகு, கைவிட்டார்கள். உங்கள் மகளின் குழுவில் யாராவது அரசர் வேடத்தில் வர விரும்பினால் தாராளமாக வரலாம்.

பெரிய குழுக்கள் ஆடவில்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆடினார்கள். 2020-இல் பி.டி.எஸ். குழு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக இதே குன்ஜொங்ஜொன் முற்றத்தில், ஹன்பொக் சாயலுள்ள உடையில் ஆடியது. பாரம்பரியத் துறையின் அனுமதியோடு, பார்வையாளர் இல்லாத வெற்று முற்றத்தில் படமானது அது. 2023 மே மாதம் இத்தாலிய உடை நிறுவனமான குச்சி (Gucci) அங்கே உடை அணிவகுப்பு நடத்தியதற்கு, பாரம்பரியக் குழு முந்தைய ஆண்டிலேயே நிபந்தனைகளுடன் ஒப்புதல் கொடுத்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கே வெளிநாட்டு உடை அணிந்து நடந்ததைவிட, பிறகு வேறொரு கட்டிடத்தில் நடந்த இரவு விருந்தின் இரைச்சலுக்குத்தான் அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டார்கள், நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது. அனுமதி இருந்தாலே போதும் என்றும் எண்ண வேண்டாம்: 2024 இறுதியில் உலகப் பாரம்பரியச் சின்னமான பியோங்சான் கன்பூசியப் பள்ளியில் அனுமதி பெற்று வந்த ஒரு தொலைக்காட்சித் தொடர்க் குழு, விளக்கு மாட்டுவதற்காகப் பழைய மரத்தூணில் ஆணி அடித்தது. நாடே கொதித்தது.

அரண்மனை அனுமதியைத் தருவது பாரம்பரியத் துறையின் கீழுள்ள அரண்மனை-கல்லறை நிர்வாகம். விதிகளும் கட்டணமும் பொதுவில் இருப்பவை, ரகசியம் எதுவும் கிடையாது. வணிக நோக்கத்துக்கும், கருவிகளோடு ஆள்படையோடு வருவோருக்கும் அது கட்டாயம். கையில் செல்பேசியோடு நினைவுக்காக எடுக்கும் பார்வையாளரை யாரும் அனுமதி கேட்பதில்லை. இங்கே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கொரிய அரசு அலுவலகங்களின் படிவங்கள் பெரும்பாலும், அந்த நாட்டுக்கு வெளியே எந்தக் கணினியிலும் எளிதில் திறக்காத ஒரு கோப்பு வடிவத்தில் வருகின்றன. இணையத்தில் நிரப்பலாம் என்றால், கொரியச் செல்பேசி எண்ணைக் கொண்டு நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். கே-பாப்பைக் காட்டி உலகத்தையே விருந்துக்கு அழைக்கும் நாடு, விண்ணப்பத்தை மட்டும் உள்ளூர்க்காரருக்கென்று பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டின் முன்னால்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள். ஒரு முறை சென்னையிலிருந்து வந்த ஒரு குழு, பெரிய தொகை கொடுத்து வாங்கிய 'அனுமதிக் கடிதம்' என்று என்னிடம் காட்டியது. சிவப்பு முத்திரையெல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தால், அது ஹன்பொக் வாடகைக் கடையின் ரசீது.

ஆகவே செய்ய வேண்டியது இது. மேடை உடையில் முழுப் பாடலையும் ஹோங்தே பகுதியின் தெருக்கலை இடங்களில் ஆடட்டும். அங்கே அந்த உடைக்கும் ஆட்டத்துக்கும் பழகிய கூட்டமே நிற்கும். அரண்மனைக்கு வாடகை ஹன்பொக்கில் போய், நடப்பதும் திரும்புவதும் சிரிப்பதுமான சில நொடிகளைக் கைப்பேசியிலேயே எடுத்து, இரண்டையும் வெட்டி ஒட்டிக்கொள்ளட்டும். வாயிலுக்கு வெளியே, ராணுவத் தளபதி சிலையும் அரசர் சிலையும் உள்ள குவாங்ஹவாமுன் சதுக்கம் அரண்மனைக்குச் சொந்தமன்று, சியோல் மாநகராட்சியைச் சேர்ந்தது. கூட்டம் கூட்டி, ஒலிபெருக்கி வைத்து ஆடுவதற்கு அங்கே தனி அனுமதி வேண்டும். அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஏப்ரலில் காலை 9 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் காவலர் மாற்றம் நடப்பதால் அந்த நேரத்தில் வாயிலருகே நிற்க இடம் கிடைக்காது. ஐயம் வந்தால் கொரியாவிலிருந்தே 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணை அழைத்தால் ஆங்கிலத்தில் பேசுவார்கள், காசு கேட்க மாட்டார்கள்.

முகவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஹன்பொக் அணிந்தால் அனுமதியே வேண்டாம் என்றால், 40,000 ரூபாய் எந்த அனுமதிக்கு? பதில் எதுவாக இருந்தாலும், விண்ணப்பதாரரின் பெயர், அரண்மனையின் பெயர், படப்பிடிப்பு நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்ட கொரிய மொழி அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பித்துவிட்டோம், விரைவில் வரும் என்று இழுத்தால் விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மீதி 30,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்து மூலமாக, பயணச்சீட்டுப் பணம் அவர் கைக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.